வலப்பக்கக் கதவு

கனடாவின் மொன்றியலில் எங்கள் ஆட்களிடையே கார் வாங்குவது பற்றி எழுதப்படாத சட்டம் ஒன்று இருந்தது: ஜப்பான்காரன் செய்ததைத் தவிர வேறெதையும் வாங்கக் கூடாது. அதை இயற்றியவர் யாரென்று தெரியவில்லை. நாங்கள் இருந்த பார்க் எக்ஸ்டென்ஷனில் அதற்குக் காவலாக இருந்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. அவரிடம் அப்போது கார் எதுவும் இருக்கவில்லை. அதனாலேயே எல்லாக் கார்களைப் பற்றியும் பக்கச்சார்பின்றித் தீர்ப்புச் சொல்ல அவரால் முடிந்தது.

எனக்கு ஒன்பது வயது நடந்த கோடைகாலத்தில் அப்பா அந்தச் சட்டத்தை மீறினார். மீறும் எண்ணத்தோடு அவர் வீட்டிலிருந்து புறப்படவில்லை. போன இடத்தில் ஒரு துண்டு பலகாரம் சாப்பிட்டார், அவ்வளவுதான்.

அப்பா டவுன்டவுனில் ஓர் உணவகத்தின் குசினியில் வேலை செய்தார். மெத்ரோ என்னும் சுரங்க ரயில் அவரைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தது. அவருக்குக் கார் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது அம்மாவுக்கு. வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போவதற்கு இரண்டு பஸ் மாறவேண்டும். குளிர்காலத்தில் அந்த இரண்டாவது பஸ் வரவேண்டும் என்று கடவுளை வேண்டிக்கொண்டே கடவுளிடம் போகவேண்டியிருந்தது.

ரொக்ஸ்பரோவில் ஒருவர் தம்முடைய காரை விற்கிறார் என்று அப்பாவோடு வேலை செய்பவர் ஒரு விளம்பரத் துண்டைக் கொடுத்திருந்தார். வீட்டுக்கு வரும் எல்லாப் பிரெஞ்சுக் கடிதங்களையும் போல அதுவும் என் கைக்கு வந்தது. ஒரே உரிமையாளர், நன்றாகப் பேணப்பட்டது என்று வாசித்துச் சொன்னேன். காரின் பெயரையும் வாசித்தேன். அது அப்பாவுக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. மாமாவுக்கு விளங்கியிருக்கும். ஆனால் அன்றைக்கு அவருக்கு வேலை. தொலைபேசியில் பேசியபோதும் அறிவுரை சொல்லும் அவசரத்தில் அவர் காரின் பெயரைக் கேட்கவில்லை.

“அத்தான், வடிவாக் கேளுங்கோ. முதல் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக் காதைக் குடுக்கவேணும். ரெண்டாவது, குனிஞ்சு கீழ கறள் இருக்கோ எண்டு பாக்கவேணும். மூண்டாவதுதான் முக்கியம். அவன் விலையைச் சொன்ன உடனை சிரிக்கவேணும்.”

“ஏன் சிரிக்கிறது?”

“சிரிச்சாத்தான் அவன் குறைப்பான்.”

கறள் என்று நாங்கள் சொல்லும் துரு இந்த நகரத்துக் கார்களின் பொதுநோய். குளிர்காலம் முழுவதும் வீதிகளில் கொட்டும் உப்பு இரும்பைத் தின்றுவிடும். ஆகவே இரண்டாவது அறிவுரையில் நியாயம் இருந்தது. மூன்றாவதை அப்பா ரொக்ஸ்பரோ போகும் ரயிலில் பழகிக்கொண்டு வந்தார். யன்னல் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார், நிறுத்தினார், வேறு விதமாகச் சிரித்தார். அம்மா மறுபக்கம் திரும்பி இருந்தார்.

நாங்கள் தேடிப்போனவர் உயரமானவர், எழுபது வயதைக் கடந்தவர். பள்ளியில் பழகியபடி நான் அவரை மிசியே, அதாவது ஐயா, என்று அழைத்தேன். பிறகு எங்கள் வீட்டில் அதுவே அவருடைய பெயராயிற்று. அவருடைய மனைவி சிறிய உருவம் கொண்டவர். கணுக்கால் வரை நீண்ட நீல நிற ஆடை அணிந்திருந்தார். மிசியேயின் கண்பார்வை குறைந்துவிட்டதால் அவர் இனிக் கார் ஓட்டக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். மனைவிக்கு ஓட்டத் தெரியாது. அதனால் விற்கிறார்கள். இவ்வளவையும் நான் வாசலில் நின்றபடியே மொழிபெயர்த்து முடித்தேன்.

கராஜின் கதவு மேலே எழுந்தபோது அம்மா என் தோளைப் பிடித்தார். உள்ளே கரும்பச்சை நிறத்தில், தரையோடு தரையாகப் பதுங்கி, நீண்ட மூக்கோடு ஒரு கார் நின்றது. பாய்வதற்கு முன் படுத்திருக்கும் மிருகம் போல இருந்தது.

“இஞ்சாருங்கோ, இதுக்கு ரெண்டு கதவுதானே கிடக்கு,” என்றார் அம்மா மெல்லிய குரலில்.

“பாத்திட்டுப் போவம். வந்தது வந்திட்டம்.”

அப்பா எஞ்சினுக்குக் காது கொடுத்தார். குனிந்து கீழே பார்த்தார். அப்பா ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம் என்று மிசியே சொன்னபோது அவருடைய மனைவி தானும் ஒருமுறை ஏறிப் போய்வர விரும்பினார். முன் இருக்கையை மடித்து என்னைப் பின்னால் ஏற்றினார்கள். பிறகு மிசியே வலப்பக்கக் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார். மனைவி ஒரு கையால் அவருடைய முழங்கையைப் பற்றி மெல்ல இறங்கி அமர்ந்தார். நீல ஆடையின் ஓரம் கதவுப்படியில் வெளியே தொங்கியது. மிசியே குனிந்தார், இரண்டு விரல்களால் அந்த ஓரத்தைத் தூக்கி உள்ளே வைத்தார், கதவைச் சாத்தினார். தொம் என்று ஒரு சத்தம், பஞ்சுக்குள் விழுந்த இரும்பைப் போல. நாங்கள் திரும்பி வரும்வரை அவர் வீதியோரத்திலேயே நின்றார்.

பலகாரம் அதற்குப் பிறகுதான் வந்தது. மேப்பிள் சீனிப்பாகு நிரப்பிய வட்டமான பலகாரம், அந்த அம்மையாரே செய்தது. அப்பா ஒரு துண்டு சாப்பிட்டார். இன்னொரு துண்டைத் தட்டில் வைத்தார்கள். அப்போது மிசியே விலையைச் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். எல்லாரும் அப்பாவின் முகத்தைப் பார்த்தோம். சிரிக்கவேண்டிய வாயில் இரண்டாவது துண்டு இருந்தது. அப்பா தலையை ஆட்டினார். சம்மதத்துக்கு ஆட்டுவது போல.

பத்திரங்களில் கையெழுத்தானபின் மிசியே ஒரு செய்தியும் ஒரு வேண்டுகோளும் சொன்னார். இந்தக் காரைச் செய்த அமெரிக்கக் கொம்பனிக்கு மொன்றியலுக்கு வடக்கே ஒரு தொழிற்சாலை இருந்தது. நான் பிறப்பதற்குச் சற்று முன்னர் அதை மூடிவிட்டார்கள். மிசியே தம்முடைய வேலைக்காலம் முழுவதும் அங்கேதான் இருந்தார். வரிசையாக நகர்ந்து வரும் கார்களுக்கு வலப்பக்கக் கதவைப் பொருத்துவது அவருடைய வேலை. இந்தக் காரின் வலக்கதவும் அவர் பொருத்தியதே. இது செய்தி. எப்போதாவது வந்து காரைப் பார்த்துப் போகலாமா என்பது வேண்டுகோள்.

“ஓம் ஓம், கட்டாயம் வரட்டும். எப்பவும் வரலாம் எண்டு சொல்லு,” என்றார் அப்பா. விடைபெறும் எவருக்கும் நாங்கள் சொல்வது அதுதான்.

திரும்பும் வழியில் காருக்குள் அம்மா கேட்டார்: “ஏன் விலையைப் பற்றி ஒண்டும் கதைக்கேல்லை?”

“சாப்பிட்ட வீட்டில எப்பிடியப்பா விலை பேசுறது?”

மாமா அன்று மாலையே வந்தார். எங்கள் வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. வெளிப்படிக்கட்டில் நின்று கீழே பார்த்தவர், ஒரு மரண வீட்டுக்கு வந்தவரைப் போலக் கைகளைக் கட்டிக்கொண்டார்.

“அத்தான், இது குடும்பக்காரன் ஓடுற காரோ? கலியாணம் கட்டாத பெடியள் சுத்திறதுக்கெண்டு செய்த கார். பின்சீற்றில ஆரை வைக்கப் போறியள், தேங்காயையோ?”

“பிள்ளை இருந்து வந்தவள்தானே.”

“இந்தக் கொம்பனியின்ரை சரித்திரம் தெரியுமோ உங்களுக்கு? ஆதியில குதிரை வண்டில் செய்தவங்கள். பேந்து சின்னச் சின்னக் கொம்பனியளை ஒண்டொண்டா விழுங்கினவங்கள். ஒரே காருக்கு ரெண்டு பேர் வைச்சு ரெண்டு கடையில வித்தவங்கள். கடைசியில தாங்களே விழுந்து, கவுண்மேந்து காசு குடுத்துத்தான் தூக்கிவிட்டது.”

“தூக்கிவிட அவங்களுக்கு ஆக்கள் இருக்கினமெல்லோ. எங்களுக்கு ஆர் இருக்கினம்?” என்றார் அப்பா.

பல ஆண்டுகளுக்குப் பின் பல்கலைக்கழக நூலகத்தில், வேறெதையோ தேடப் போய், அந்தக் கொம்பனியின் வரலாற்றைப் படித்தேன். மாமா சொன்னவற்றில் பெரும்பகுதி சரியாக இருந்தது. எனக்குச் சிறிது ஏமாற்றமாகவும் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் காருக்குப் பூசை நடந்தது. அந்த நீண்ட மூக்கில் சந்தனம் பூசுவதற்கு ஐயர் மூன்று இடங்களில் நின்று எட்டவேண்டியிருந்தது. நான்கு சில்லுகளின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசித்தோம். அதன்பிறகு காரை எங்களுடையது என்று நினைக்கத் தொடங்கினோம்.

செப்டம்பர் முதல் ஞாயிறு காலை மிசியே வந்து நின்றார். ரொக்ஸ்பரோவிலிருந்து ரயிலேறி, பிறகு பஸ் ஏறி, தொப்பியும் அணிந்து வந்திருந்தார்.

அம்மா திகைத்துப்போனார். “உண்மையிலேயே வந்திட்டார்!”

“நான் சும்மா முகத்துக்குச் சொன்னனான்,” என்றார் அப்பா, சட்டையைத் தேடிக்கொண்டே.

மாமாவிடம் இதற்கும் ஒரு விளக்கம் இருந்தது. விற்ற பத்திரத்தில் எங்கோ சின்ன எழுத்தில் ஏதோ எழுதியிருக்கவேண்டும். கிழவன் ஒருநாள் காரைத் திருப்பிக் கேட்கப் போகிறான். அவருக்காக அந்தப் பத்திரத்தை நான் இரண்டுமுறை வாசித்தேன். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் காரைப் பற்றி மட்டுமே பேசின.

அதுமுதல் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு அவர் வந்தார். காரை ஒருமுறை சுற்றி நடப்பார். பொனற்றைத் திறந்து எண்ணெய் பார்ப்பார். எல்லாம் முடிந்தபின் கடைசியாக வலப்பக்கக் கதவிடம் வருவார். அதை அகலத் திறப்பார். பிடித்தபடி நிற்பார். நான் படிக்கட்டில் இருந்து எண்ணுவேன்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்கில் குனிந்து, இரண்டு விரல்களைக் கதவுப்படியில் ஓட்டி, பின் சாத்துவார். தொம். தலையைச் சற்றுச் சரித்து அந்தச் சத்தம் அடங்கும்வரை கேட்பார். கதவுப்படியில் கறள் பிடித்திருக்கிறதா என்று பார்க்கிறார் என நான் முடிவு செய்தேன். மாமாவின் இரண்டாவது அறிவுரை என் மனதில் அப்படிப் பதிந்திருந்தது.

இடப்பக்கக் கதவை அவர் தொட்டதேயில்லை. ஒருநாள் அது கிரீச்சிட்டபோது அப்பா கையால் காட்டினார். மிசியே இரண்டு தோள்களையும் உயர்த்தி ஏதோ சொன்னார்.

“என்னவாம்?”

“அது தன்ரை பக்கம் இல்லையாம்.”

ரயிலில் எவ்வளவு பழகியும் வராத சிரிப்பு அப்பாவுக்கு அப்போது வந்தது. “நானும் பதினொரு வருசமா வெங்காயப் பக்கம்தான் எண்டு சொல்லு பிள்ளை,” என்றார். குசினியில் அப்பாவின் இடம் அது. அடுப்புப் பக்கம் வேறு ஆட்களுடையது. நான் சொன்னதும் மிசியே அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர்கள் இருவருக்கும் இடையில் நான் மொழிபெயர்க்கத் தேவையில்லாத ஒன்று அன்று உண்டானது.

ஒக்ரோபரில் அம்மா, மிசியேயின் மனைவியை நினைத்து, “மதாம் எப்பிடி இருக்கிறா எண்டு கேள்,” என்றார். கேட்டேன். மிசியே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொன்னார். பள்ளியில் ஆசிரியையின் வாக்கியத்தைத் திருப்பிச் சொல்வது போல நான் ஒரு சொல்லும் விடாமல் தமிழில் சொன்னேன்.

“ரெண்டு கிழமைக்கு முன்னம் செத்துப்போனாவாம். ஆஸ்பத்திரியிலயாம். நித்திரையிலயாம்.”

“அப்பிடிச் சொல்லக்கூடாது பிள்ளை,” என்றார் அம்மா. “மோசம்போட்டா எண்டு சொல்லு.” சொல்லைத் திருத்திவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு அவரைச் சாப்பிடாமல் போக விடவில்லை. மேலே கூட்டிவந்து இடியப்பமும் சொதியும் வைத்தார். மிசியே இடியப்பத்தை முள்ளுக்கரண்டியில் சுற்றிச் சுற்றி, ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். கீழே இறங்கியபின் வழமைபோல வலக்கதவைத் திறந்தார். நான் பதினொன்றுவரை எண்ணினேன். வயிறு நிறைந்ததால் தாமதமாகிறது என்று நினைத்தேன்.

குளிர்காலம் வந்ததும் காரின் உண்மையான குணம் வெளிப்பட்டது. பாரமெல்லாம் முன்னால், தள்ளும் சில்லுகளோ பின்னால். பனியில் பின்பக்கம் நடனமாடும். டிக்கியில் மணல் மூட்டை வைத்தால் பிடித்து நிற்கும் என்று மிசியே சொல்லிக்கொடுத்தார். காசு கொடுத்து மணல் வாங்குவதில் அம்மாவுக்கு உடன்பாடில்லை. எப்படியும் அரிசி வாங்கத்தானே வேண்டும். மூன்று மூட்டை அரிசியை வாங்கி டிக்கியில் வைத்தோம். கார் பிடித்து நின்றது. ஆனால் சோறும் ஆக்கவேண்டியிருந்தது. நான் சட்டியோடு கீழே இறங்கி டிக்கியைத் திறந்து அரிசி அள்ளிக்கொண்டு வருவேன். அரிசி குறையக் குறையக் கார் மீண்டும் வழுக்கத் தொடங்கியது.

“அக்கா, இண்டைக்குப் புட்டு அவியுங்கோ,” என்பார் மாமா. “சோறு ஆக்கினால் அத்தான் வேலியில போய் இடிப்பார்.”

பெப்ரவரி முதல் ஞாயிறு மிசியே டிக்கியைத் திறந்து பார்த்தார். அரை மூட்டை பாசுமதியும் அதற்குள் ஒரு பேணியும் கிடந்தன. ஏன் என்று கேட்டார், நான் விளக்கினேன். அவர் காரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தொப்பி சரிய, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். படியில் நின்ற அம்மா, “பாவம், கன நாளைக்குப் பிறகு சிரிக்கிறார் போல,” என்றார்.

அந்த மாதமே எங்கள் வீட்டில் இன்னொரு பிள்ளை பிறக்கப்போகிறது என்று எனக்குச் சொன்னார்கள். ஆனி மாதமளவில் என்றார்கள். மாமா இதற்காகவே காத்திருந்தவர் போல ஒரு கேள்வி வைத்திருந்தார்.

“கைப்பிள்ளைச் சீற்றை எங்கை பூட்டப் போறியள் அத்தான்? பொனற்றுக்கு மேலையோ?”

இரண்டு கதவுக் காரின் பின்பக்கத்தில் அந்த இருக்கையை வைப்பதற்கு வயிற்றுப்பிள்ளைக்காரி இரண்டாக மடியவேண்டும். மாமா சாம்பல் நிறத்தில் நான்கு கதவுள்ள ஜப்பான் கார் ஒன்றைப் பார்த்துவைத்தார். கரும்பச்சைக் காரை லாவலில் ஒரு பெடியன் கேட்டான், கலியாணம் கட்டாதவன்தான். ஏப்ரல் இரண்டாவது கிழமை மாற்றுவதென்று முடிவானது.

மிசியேயிடம் யார் சொல்வது என்பதே மீதமிருந்தது. உண்மையில் அது ஒரு கேள்வியே அல்ல. வீட்டில் பிரெஞ்சு தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

ஏப்ரல் முதல் ஞாயிறு, அவர் வழமைபோல எல்லாவற்றையும் பார்த்து முடித்து, வலக்கதவைத் திறந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. குனிந்தார், சாத்தினார், கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, குளிர்காலத்து உப்பு கதவைச் சட்டத்தோடு இணைக்கும் பிணைச்சலில் இறங்கியிருக்கிறது, அடுத்தமுறை வரும்போது கிறீஸ் கொண்டுவந்து பூசிவிடுகிறேன் என்றார். அவர் முகம் அன்று வெளிச்சமாக இருந்தது.

அப்பா பின்னால் நின்று, முதல்நாளே யோசித்துவைத்திருந்ததைச் சொன்னார். “சொல்லு பிள்ளை. எங்களுக்கு ஒரு பிள்ளை பிறக்கப்போகுது. ரெண்டு கதவுக் காரில சரிவராது, அதால இந்தக் கிழமை காரைக் குடுக்கிறம், குறை நினைக்கவேண்டாம். ஆனா தேத்தண்ணி குடிக்க அவர் எப்பவும் வரலாம்.”

நான் மிசியேயைப் பார்த்துச் சொன்னேன்: எங்களுக்கு ஒரு குழந்தை பிறக்கப்போகிறது. நீங்கள் தேநீர் குடிக்க எப்பொழுதும் வரலாம்.

நான் சொன்ன இரண்டும் உண்மை. நடுவில் இருந்ததை மட்டும் விட்டுவிட்டேன்.

மிசியே இரண்டு கைகளையும் விரித்தார். படிக்கட்டின் உச்சியில் நின்ற அம்மாவைப் பார்த்துத் தொப்பியை உயர்த்தினார். அப்பாவின் தோளைத் தட்டினார்.

“இவ்வளவுதானோ?” என்றார் அப்பா என்னிடம். “நான் கனக்கச் சொன்னன்.”

“பிரெஞ்சில கட்டையாச் சொல்லலாம் அப்பா.”

“என்ன சொல்லுறார்?”

“சந்தோசமாம்.”

அப்பா நெடுநேரம் அவர் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். “பெரிய மனுசன்,” என்றார். “ஒரு சொல்லுக் கோவமில்லை.”

அந்தப் புதன்கிழமை லாவல் பெடியன் வந்து காரைக் கொண்டுபோனான். அது தெருமுனையில் திரும்புவதை நான் யன்னலில் பார்க்கவில்லை. குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். அந்த மாதம் முழுவதும் நாட்காட்டியைப் பார்ப்பதைத் தவிர்த்தேன். மேயில் முதல் ஞாயிறு வராமல் போய்விடும் என்று நம்புவதற்கு ஒன்பது வயது கொஞ்சம் அதிகம்தான், ஆனாலும் நம்பினேன்.

அவர் வந்தார். ஒரு கையில் நீல நாடா கட்டிய சிறிய பெட்டி. மறு கையில் கிறீஸ் அடைத்த ஒரு தகரப் பேணி. எங்கள் வாசலுக்கு நேரே, கரும்பச்சைக் கார் நிற்கும் இடத்தில் நின்ற சாம்பல் நிறக் காரைப் பார்த்தார். அதைக் கடந்து தெருமுனைவரை நடந்தார். மறுபக்கத்தால் திரும்பி வந்தார். ஒவ்வொரு காராகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். அவருடைய கண்பார்வைக்கு அது நெடுநேரம் எடுத்தது.

“மிசியே ஏன் காரைத் தேடுறார்?” அப்பா யன்னலில் நின்று கேட்டார். “அவருக்குத் தெரியும்தானே?”

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார்.

“நடுவில ஒண்டை விட்டிட்டன்,” என்றேன்.

அடி விழும் என்று நினைத்தேன். அதுவரை அப்பா என்னை அடித்ததில்லை. ஆனால் அதுவரை நானும் இப்படி ஒன்று செய்ததில்லை. அம்மா வயிற்றைப் பிடித்தபடி எழுந்து, “போ, நீயே போய்ச் சொல்லு,” என்றார்.

“வேண்டாம்,” என்றார் அப்பா. “நான் போறன்.”

அப்பாவிடம் பத்துப் பிரெஞ்சுச் சொற்கள் இருந்தன, அவற்றிலும் பாதி குசினிச் சாமான்களின் பெயர்கள். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு சுழல்படிகளில் இறங்கினார். நான் இரண்டு படி இடைவெளியில் பின்னால் போனேன். மிசியேயின் முன்னால் போய் நின்று, சாம்பல் நிறக் காரைக் காட்டினார். தன் வயிற்றின் முன்னால் கையால் வளைவு வரைந்து, மேலே அம்மாவைக் காட்டினார். “பெபே,” என்றார். இல்லாத காரின் நீண்ட மூக்கைக் காற்றில் வரைந்து, அது தூரப் போனதைக் கையால் காட்டினார். பிறகு இரண்டு கைகளையும் நெஞ்சின் முன்னால் சேர்த்து, “மிசியே, பார்தோன்,” என்றார். மன்னிப்புக் கேட்கும் அந்தச் சொல்லை மெத்ரோவில் இடிபடும்போது பழகியிருந்தார்.

என்னை அவர் காட்டிக்கொடுக்கவில்லை. பிழையைத் தன்னுடையதாகவே வைத்துக்கொண்டார்.

மிசியே பேணியையும் பெட்டியையும் என்னிடம் தந்தார். சாம்பல் நிறக் காரை ஒருமுறை சுற்றி நடந்தார். வலப்பக்கத்துக்கு வந்து, அப்பாவைப் பார்த்து, திறக்கலாமா என்று புருவத்தால் கேட்டார். அப்பா தலையாட்டினார்.

அவர் கதவைத் திறந்தார். பிடித்தபடி நின்றார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. குனிந்து, இரண்டு விரல்களால் எதையோ மெல்லத் தூக்கி உள்ளே வைப்பது போல வைத்துவிட்டு, சாத்தினார். மெல்லிய, தட்டையான சத்தம்; தகரப் பெட்டியை மூடியது போல. அதையும் அவர் தலை சரித்துக் கேட்டார்.

“சா வா,” என்றார். பரவாயில்லை என்று பொருள். காரைச் சொன்னாரா, வேறெதையாவது சொன்னாரா என்று அப்பா என்னிடம் கேட்கவில்லை.

அவர் எங்களோடு மேலே வந்து தேத்தண்ணி குடித்தார். பெட்டிக்குள் கையால் பின்னிய குழந்தைச் சப்பாத்து இருந்தது, பழைய நூல். பஸ் தரிப்பிடம்வரை அவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பும்போது அப்பாவிடம் சொன்னேன்: “அப்பா, அவர் புதுக்காரிலையும் கறள் பாக்கிறார். ஜப்பான் காரிலை இப்பவே கறள் இருக்குமோ?”

“அவர் கறள் பாக்கேல்லை பிள்ளை.”

“அப்ப என்ன பாக்கிறவர்?”

“பேந்து சொல்லுறன்,” என்றார் அப்பா.

சொல்லவில்லை. தம்பி பிறந்தான், வீடு அவனுடையதாயிற்று, நானும் கேட்க மறந்துபோனேன். மிசியே அடுத்த ஆண்டு மகளோடு வாழ வேறு நகரத்துக்குப் போகும்வரை முதல் ஞாயிறுகளில் வந்துகொண்டிருந்தார். தகரப் பேணியைத் திருப்பி வாங்கவில்லை.

இன்னொன்றும் அந்த மே மாதத்தில் தொடங்கியது. கோயிலுக்குப் போகும் வெள்ளிக்கிழமைகளில் அப்பா முன்னால் இறங்கிப் போய் அம்மாவுக்கு வலப்பக்கக் கதவைத் திறந்து பிடித்தார். அதுவரை எங்கள் வீட்டிலோ, எங்கள் ஆட்கள் எவருடைய வீட்டிலோ நான் அதைக் கண்டதில்லை. அம்மா வயிற்றோடு மெல்ல அமர்வார். சேலையின் ஓரம் கதவுப்படியில் வெளியே கிடக்கும். அப்பா குனிந்து, அதை எடுத்து உள்ளே வைத்து, கதவைச் சாத்துவார்.

“என்ன அத்தான், வெள்ளைக்காரனா மாறிட்டியளோ?” என்று மாமா கேட்டார். அப்பா காதில் விழாதது போல மறுபக்கம் போய் ஏறிக்கொண்டார். அம்மா முன்னால் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயில் ஒரு சிரிப்பை அடக்கியிருந்தார்.

பிள்ளை வயிற்றில் இருப்பதால் என்று நான் நினைத்தேன். தம்பி பிறந்தபின்னும் அது நிற்கவில்லை. ஆகவே வேறு காரணம் தேடினேன், கண்டும் பிடித்தேன்: அந்தக் கதவு இறுக்கமாக இருக்கிறது, அம்மாவால் தனியே திறக்க முடியவில்லை. ஒரு சனிக்கிழமை, யாரும் காணாதபோது, மிசியேயின் தகரப் பேணியை எடுத்துக்கொண்டு கீழே போனேன். வலப்பக்கக் கதவைத் திறந்து, மேல் பிணைச்சலிலும் கீழ்ப் பிணைச்சலிலும் விரலால் கிறீஸைப் பூசினேன். கதவை ஆட்டிப் பார்த்தேன். ஒரு விரலால் தள்ளினாலே போதும், சத்தமின்றித் திறந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமையும் அப்பா முன்னால் போய்த் திறந்து பிடித்தார். அம்மா சேலையைக் கூட்டிக்கொண்டு, அவசரமில்லாமல் அமர்ந்தார். பின் இருக்கையில், தம்பிக்குப் பக்கத்தில், நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நான்கு வந்தது.

நான் பூசியது போதவில்லை என்று நினைத்து, வீட்டுக்கு வந்ததும் மறுபடியும் பேணியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.